என்னையுமா, ஆண்டவரே?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



சபையில் 'ஊழியம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நம்மில் பலர் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிறோம். ஊழியம் என்றால் வெள்ளை அங்கி, மைக், ஆயிரம் பேர் கூடிய பந்தல் என்று ஒரு படம் நம் மனதில் ஒட்டியிருக்கிறது. "தம்பி, இந்த வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறியா?" என்று ஐயர் கேட்டால், "ஐயோ, எனக்கு அந்தத் தகுதி இல்லைங்க ஐயா" என்ற பதில் ரெடியாக இருக்கிறது. கேட்பதற்குத் தாழ்மையாகவும் இருக்கிறது! உண்மையிலேயே அது தாழ்மைதானா? அதைத்தான் இந்த ஆண்டுமலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தயக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. திக்குவாய். என் வகுப்பு நண்பர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வைவாவில் பதில் தெரிந்திருந்தும் முதல் எழுத்திலேயே நான் மாட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் மூன்று வருடமாகப் பார்த்து வருகிறார்கள். முக்கியமாக 'க'வும் 'ப'வும் எனக்கு ஜென்ம விரோதிகள். கர்த்தர், கிருபை, பரிசுத்தம், பாவம், பரலோகம்... பாருங்கள், ஊழியத்துக்கு வேண்டிய முக்கால்வாசி வார்த்தைகள் அந்த இரண்டு எழுத்துகளில்தான் ஆரம்பிக்கின்றன! இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "நீ பேசு" என்றால் எப்படி இருக்கும்? "என்னையுமா, ஆண்டவரே?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மோசே. எரியும் முட்செடியின் நடுவிலிருந்து ஆண்டவர் அழைத்தபோது, அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சாக்குகளை அடுக்கினார். நான் எம்மாத்திரம், ஜனங்கள் நம்பமாட்டார்களே, எனக்கு நாக்கு எழாதே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிட்டார். யாத்திராகமத்தில் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னை நிறுத்தும். ஆண்டவர் மோசேயின் நாக்கை அங்கேயே குணமாக்கியதாக எழுதியில்லை. அவர் கையில் இருந்த ஆடு மேய்க்கும் கோலையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கூடவே பேச்சுக்குத் துணையாக அண்ணன் ஆரோனைக் கொடுத்தார். குறை நீங்கவில்லை. துணை வந்தது. வேலை நடந்தது!

கிதியோனும் அப்படித்தான். மீதியானியருக்குப் பயந்து திராட்சை ஆலையில் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தவர் அவர். குடும்பத்திலேயே நான் கடைக்குட்டி என்று சொல்லிப் பார்த்தார். பிறகு 32,000 பேர் சேர்ந்தபோது, அது அதிகம் என்று ஆண்டவர் 300 பேராகக் குறைத்துவிட்டார். பலம் போதாது என்று பயந்தவரிடம் இருந்த பலத்தையும் குறைத்தால் அவர் எதை நம்பிப் போவார்? அனுப்பியவரை நம்பித்தான் போக வேண்டும்.

"அதெல்லாம் வேதாகமக் காலம்டா" என்று சிலர் சொல்லலாம். சரி, நம் தமிழ்நாட்டுக்கே வருவோம்.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கடற்கரையில் இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனெரிகள். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் புளூட்சோ. சீகன்பால்க் அப்போது 24-வது வயதை எட்டும் நிலையில் இருந்தார். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அடிக்கடி நோயில் விழும் உடம்பு. ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் உடல்நலக் குறைவால் படிப்பைத் தொடர முடியாமல் போனவர். நம் கணக்கில் பார்த்தால், கப்பலில் ஏற்றவே தகுதியில்லாத ஆள்!

அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு தமிழ் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். பட்டம் பதவி பார்க்கிறவர்களால் இது முடியுமா? அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளே அவருக்கு எதிராக இருந்தார்கள். நான்கு மாதம் கோட்டையில் சிறை வைத்தார்கள். வெளியே வந்தவர் வேலையைத் தொடர்ந்து, 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார்.

அதன் பிறகு வருவது நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் ரசிக்க வேண்டிய கதை. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. ஆனால் அவை அளவில் பெரியவை. காகிதமோ பற்றாக்குறை. பெரிய எழுத்தில் அச்சடித்தால் புத்தகம் முடியுமுன் காகிதம் முடிந்துவிடும். எனவே பக்கத்திலுள்ள பொறையாறிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். சீகன்பால்க் வார்ப்பு வேலை படித்தவர் அல்ல. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் துணைக்கு வந்தார்கள். ஒருவருக்கு மொழி, ஒருவருக்கு உலை, ஒருவருக்கு அச்சு. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

1719-ல் சீகன்பால்க் இறந்தார். வயது 36. பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும்தான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. மீதியைப் பின்னால் வந்த சூல்ச் என்பவர் முடித்தார். வாலிபர் கூடுகையில் இருந்து தரங்கம்பாடி போயிருந்தபோது, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறைக்கு முன்னால் நின்றேன். "பாதியில் போய்விட்டாரே" என்று முதலில் பரிதாபமாக இருந்தது. பிறகு தோன்றியது: அவர் செய்த பாதி இல்லாவிட்டால் மற்றப் பாதி யாருக்குத் தோன்றியிருக்கும்?

இனி நம் ஒர்க்‌ஷாப்புக்குள் போவோம். வரைபடத்தில் 25 மி.மீ. ஷாஃப்ட் என்று போட்டிருக்கும். எவ்வளவு நல்ல லேத்தில் கடைந்தாலும், எவ்வளவு கைதேர்ந்தவர் கடைந்தாலும், அது அப்பழுக்கில்லாத 25 ஆக வராது. இது தெரிந்துதான் வரைபடம் போடுகிறவர் பக்கத்திலேயே கூட்டல், கழித்தல் என்று டாலரன்ஸ் கொடுத்து வைக்கிறார். குறையே இல்லாத ஷாஃப்ட் வந்தால்தான் மெஷினை ஓட்டுவேன் என்றால் உலகத்தில் ஒரு மெஷினும் ஓடாது! ஆண்டவருடைய டாலரன்ஸ் எவ்வளவு என்று அளக்க நம்மிடம் மைக்ரோமீட்டர் இல்லை. ஆனால் மூன்று தடவை மறுதலித்த பேதுருவையே அவர் தள்ளிவிடவில்லை என்றால், அது நம் ஒர்க்‌ஷாப் டாலரன்ஸைவிடப் பெரியது என்பது நிச்சயம்.

அதற்காக, வந்தது வரட்டும் என்று கடைந்து தள்ளலாம் என்று அர்த்தமில்லை. தாழ்மை வேறு, சோம்பல் வேறு. சபையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று பாடத்தை ஐந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை திக்கத்தான் செய்யும். "கா... கா..." என்று நான் நிற்கும்போது, "கானா ஊர்தானே அண்ணா?" என்று ஒரு வாண்டு எடுத்துக் கொடுக்கும். எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றே இப்போது அதுகள் கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு வருகின்றன! மோசேக்கு ஒரு ஆரோன். எனக்குப் பதினொரு ஆரோன்கள்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். சிரிக்க முடியாத ஒரு இரவும் உண்டு.

என் அறைத்தோழனின் அப்பா கொத்தனார். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு ஹாஸ்டலுக்குச் செய்தி வந்தது. இருவரும் கடைசி பஸ்ஸைப் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அவன் அம்மா சுருண்டு கிடந்தார்கள். அவன் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், உங்க சாமிகிட்ட சொல்லுடா" என்றான்.

எனக்கு வாய் வரவில்லை. 'கர்த்தாவே' என்பதில் முதல் எழுத்தே நின்றுவிட்டது. நல்ல ஜெப வீரர் யாராவது இந்த இடத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திக்கித் திக்கி நான்கு வரிகூட வந்திருக்காது. விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கி வந்தேன். ரத்தம் தேவை என்றதும் காலையில் நம் வகுப்பு நண்பர்கள் ஆறு பேர் வந்தார்கள்.

நான்காம் நாள் அவர் இறந்துபோனார்.

"ஜெபித்தேன், பிழைத்தார்" என்று இந்த இடத்தில் எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் நடந்தது அதுவல்ல. பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஜெபம் போதவில்லையோ? விசுவாசம் உள்ள வேறொருவர் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ? இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் என் கையில் இருந்த வேலை அல்ல. அந்த வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் என் கையில் இருந்த வேலை. பவுல் தம் சரீரத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று முறை கேட்டும் அது எடுபடவில்லை. முள்ளோடுதான் அவர் ஊர் ஊராகப் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாற்காலி இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது நண்பன் பக்கத்தில் வந்து நின்றான். "அன்னிக்கு நீ என்ன சொன்னேன்னு எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லடா. ஆனா அவ்வளவு திணறியும் நீ நிறுத்தல பாரு, அதுதான் எனக்குத் தெம்பா இருந்துச்சு" என்றான். எந்த நாக்குக்காக நான் கூசினேனோ, அதுதான் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது!

'முழு இருதயத்தோடு' என்று வேதம் சொல்வதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. முழுத் திறமையோடு என்று அங்கே எழுதவில்லை. திறமை ஆளுக்கு ஆள் கூடும், குறையும். நூற்றுக்கு நூறு மார்க் எல்லாராலும் வாங்க முடியாது. ஆனால் ஒளித்து வைக்காமல் இருப்பதைக் கொடுப்பது எல்லாராலும் முடியும். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு பாராட்டினார். அவள் கையில் மீதி ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பார்த்து, இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று அந்திரேயா கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனாலும் பையனுடைய அப்பம் இயேசுவின் கைக்கு வந்துவிட்டது. 5,000 ஆண்கள் சாப்பிட்டு, 12 கூடை மிஞ்சியது.

எனவே நண்பர்களே, பாடத் தெரியாதா? பாடுகிறவருக்கு மைக் செட் கட்டிக் கொடுங்கள், ஒயரிங் நமக்குத் தெரியுமே! பேச வராதா? நோயாளி பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். முதலாம் ஆண்டுத் தம்பி கணக்கில் அரியர் வைத்துத் திண்டாடினால் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். வேறு வழியில் இறைவனைத் தேடும் நண்பர்களும் இதை உங்கள் வழியில் எடுத்துக்கொள்ளலாம். பசித்தவனுக்குச் சோறு போட யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

தகுதி வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால், டிப்ளமோ முடியும், வேலை கிடைக்கும், தலை நரைக்கும். தகுதி மட்டும் வராது. இருப்பதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே புறப்படுவோம். திக்கினால் திக்கட்டும். எடுத்துக் கொடுக்க ஒரு ஆரோனை ஆண்டவர் பக்கத்திலேயே வைத்திருப்பார்!