வைத்தியசாலை யாருடையது?

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே கொடியேற்றம் வந்துவிட்டால் ஊரே திரண்டு நிற்கும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதிப்பு வந்தாலும் அவ்வாறே. பந்தலிடுவார் யார், தண்ணீர் சுமப்பார் யார், சோறு பரிமாறுவார் யார் என்று எவரும் அரசாங்கத்தைக் கேட்பதில்லை. ஆயின், தெருவிலுள்ள சிறு வைத்தியசாலையின் கதவு கழன்று தொங்கினால் மட்டும், "அரசாங்கம் என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போகிறோம். இவ்வேற்றுமை ஏன்?

விழா சில நாட்களில் முடிந்துவிடும். சுகாதாரமோ நாள்தோறும் உழைப்பைக் கேட்கும். இதற்கு மலேரியாவே சான்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் என்னும் அளவுக்குக் குறைந்த அந்நோய், கவனம் தளர்ந்ததும், 1960களின் இறுதியில் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. 2016இலேதான் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் உள்ளன. பெருநோய்க்கு அவை இன்றியமையாதன. ஆனால் இரத்த அழுத்தம் அளக்கவும் நீரிழிவு மாத்திரை பெறவுங்கூடப் பலர் பெரிய வைத்தியசாலையையே நாடுகின்றனர். ஆள் வராத இடத்திலே வசதி பெருகாது. வசதி பெருகாத இடத்துக்கு ஆளும் வரார். இச்சுழலை அறுக்க வல்லவர் ஊராரே.

நாம் மாதமொருமுறை வீட்டருகேயுள்ள சிறு வைத்தியசாலைக்குச் செல்வதுண்டு. ஒரு நாள், மாணவர் இருவர் அங்கே முதியோருக்கு இலக்கத் துண்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தனர். எழுத்தறியாத மூதாட்டி ஒருவருக்கு, எம்மாத்திரையை எப்பொழுது உண்பதென்று பொறுமையாக எடுத்துரைத்தனர். அன்று வரிசையிலே சச்சரவு எழவில்லை; ஒரு சதமும் செலவாகவில்லை.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழு என்றால் நன்கொடை திரட்டும் சபை என்றே நம்மவர் எண்ணுகின்றனர். மின்விசிறி வாங்கிக் கொடுத்து, அதன் இறகிலே பெயரெழுதுவது எளிது. எந்த மருந்து முடிந்துவிட்டது, எந்தக் குழந்தை தடுப்பூசிக்கு வரவில்லை, முதியவர் எத்தனை நாழிகை காத்திருந்தார் என்று மாதந்தோறும் விசாரிப்பதே அரிது. அக்குழுவிலே பெண்களும் அமரவேண்டும்; கிளினிக் வாங்கிலே குழந்தையை ஏந்திக் காத்திருப்போர் அவர்களன்றோ! தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அமரவேண்டும். ஒரு வளவிலே தேங்கிய நீரில் பிறந்த டெங்கு நுளம்பு, அடுத்த வளவு எவருடையதென்று கேட்டுக் கடிப்பதில்லை.

1978இல் அல்மா ஆத்தாவிலே கூடிய உலக நாடுகள், சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்று பிரகடனஞ் செய்தன. உரிமையை நாம் நன்கறிவோம். உரத்துக் கேட்கவும் அறிவோம். கடமையைச் செய்வோர்க்கே, "இது எங்கள் வைத்தியசாலை" என்று சொல்லும் தகுதி வாய்க்கும்.