சினக்கும் குடலும் யாழ்தேவிப் பிரயாணமும்

பிரயாணம் என்றதும் பிறருக்கு மூட்டைமுடிச்சுகள் நினைவுக்கு வரும். எமக்கு மலசலகூடமே நினைவுக்கு வரும். இதனை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுவது தகுமோ என்று நெடுநாள் தயங்கினோம். ஆயினும் எம்மைப் போல வாய்திறவாது வீட்டோடு முடங்கியிருப்போர் பலர் என்பதை அறிந்தபின், கூச்சத்தை ஒருபுறம் வைத்து, 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பிலிருந்து நல்லூருக்குச் சென்றுவந்த கதையைச் சொல்லத் துணிந்தோம்.

தொல்லை தொடங்கியது 2013 இல். ஒரு கலியாண விருந்துக்குப் பின் எமக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டன. ஒரு வாரத்தில் காய்ச்சல் போயிற்று. ஆனால் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காலையில் மூன்று தடவை, உண்டவுடன் ஒரு தடவை, வெளியே புறப்படச் செருப்பை மாட்டினால் இன்னொரு தடவை! வயிற்றை முறுக்கும் வலி, போய்வந்தால் சற்றே தணியும். நாளடைவில் கொழும்பு நகரமே எமக்குச் சுருங்கிவிட்டது. எந்தத் தெருவில் எந்தக் கடையில் மலசலகூடம் உண்டு என்பதே நாம் அறிந்த பூகோளம்.

நல்லூரில் எமது தமக்கையார் இருக்கிறார். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் போரினால் வடக்கே செல்லாது நின்றதும், 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியதும் வாசகர் அறிந்தவையே. வண்டி வந்த செய்தி கேட்டதும் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, இப்ப றெயினும் வந்திட்டுது. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறாய்?”

நாம் சாட்டுகளுக்குக் குறை வைக்கவில்லை. ஓராண்டு கந்தோர் வேலை என்றோம். அடுத்த ஆண்டு முழங்கால் நோவு என்றோம். பொய்க்கு மேல் பொய் அடுக்க, அக்காவின் அழைப்புகள் அருகின. 2017 ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு அவர் எம்மை அழைக்கவேயில்லை. அன்றுதான் இல்லாள் எம்மை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்.

வைத்தியர் முதலில் மருந்தை எழுதவில்லை, கேள்விகளையே அடுக்கினார். மலத்தில் இரத்தம் உண்டா? உடல் மெலிந்ததா? காய்ச்சலோ இரத்தசோகையோ உண்டா? வயிற்றோட்டம் நித்திரையினின்றும் எழுப்புகிறதா? குடும்பத்தில் எவருக்கேனும் குடற் புற்றுநோய் வந்ததா? இவற்றுள் ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் வேறு நோயைத் தேடவேண்டும் என்றார். இரத்தமும் மலமும் சோதித்த பின்னரே, இது ‘இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்’, சுருக்கமாக ஐ.பி.எஸ். என்றார். எளிதிற் சினக்கும் குடல் என்று நாம் பொருள் கொண்டோம்.

இந்நோயில் குடலைச் சோதித்தாலும் புண்ணோ கட்டியோ காணப்படாது. ஆனால் அதன் அசைவு பிசகியிருக்கும், உணர்ச்சி மிகுந்திருக்கும். மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் வழியாக இருபுறமும் செய்தி ஓடுகிறது. ஆகவே அச்சம் குடலைக் கலக்கும். கலங்கிய குடல் அச்சத்தை வளர்க்கும். “இது மனப்பிரமை அன்று, உண்மையான நோயே. உயிருக்கு ஆபத்தில்லை. முற்றாக ஒழிப்பதாக நான் சொல்லமாட்டேன், ஆனால் பழக்கி ஆளலாம்” என்றார் வைத்தியர். நாலாண்டுப் பாரத்திற் பாதி அங்கேயே இறங்கிற்று.

பழக்குவது உணவில் தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வகுத்த ஓர் உணவுமுறை உண்டு. வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு, பால், மாம்பழம் முதலியவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் நன்கு உறிஞ்சப்படாமல் நீரை இழுக்கும். பெருங்குடலிற் புளித்து வாயுவை எழுப்பும். நாலு முதல் ஆறு வாரம் இவற்றை விலக்கி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, எவை ஆகா என்று கண்டறிய வேண்டும். ஆயுள் முழுவதும் எல்லாவற்றையும் விலக்குதல் தவறு. எமக்கு ஆகாதவை வெங்காயம், உள்ளி, பசும்பால் ஆகிய மூன்றே. இன்னொருவருக்கு வேறாக இருக்கலாம்.

இனி, பிரயாணம். நிறைந்த உணவும் சூடான கோப்பியும் பெருங்குடலைத் தட்டி எழுப்பும் இயல்புடையன. ஆதலால் அன்று விடியற்காலம் நாலு மணிக்கே எழுந்து, சிறிது சோறும் வெந்நீரும் உட்கொண்டு, குடல் தன் கடமையை வீட்டிலேயே முடிக்க அவகாசம் கொடுத்தோம். வைத்தியர் சொன்ன அளவுப்படி ‘லோப்பரமைட்’ குளிகை ஒன்றையும் விழுங்கினோம். அது குடலின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவது. காய்ச்சலோ இரத்தப்போக்கோ உள்ளபோது அதைத் தொடலாகாது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குழப்பும். பெட்டியின் கோடியில், மலசலகூடத்துக்கு அருகே ஆசனம். சிறு பையில் தண்ணீர், சவர்க்காரம், காகிதம், மாற்றுடை.

கோட்டையை விட்டு வண்டி புறப்பட்டது. பொல்கஹவலையில் கண்டிப் பாதை பிரிந்தது. மாகோவில் மட்டக்களப்புப் பாதை பிரிந்தது. வடைக்காரர் கூவிக்கொண்டு போனார். வாசனை வருந்தி அழைத்தும் வாளாவிருந்தோம்.

மதவாச்சி தாண்டியதும் சோதனை வந்தது. அடிவயிறு முறுக்கிற்று. எழுந்து சென்றால் மலசலகூடத்தின் கதவு உட்புறம் பூட்டியிருந்தது. நெற்றி வியர்த்தது. இல்லாள் பின்னே வந்து நின்று, “இஞ்சாருங்கோ, மூச்சை மெல்ல விடுங்கோ” என்றார். வயிறு எழும்ப மூச்சை இழுத்து, இழுத்ததினும் மெதுவாக விடுவது. வைத்தியர் கற்பித்த பயிற்சிதான். பத்து மூச்சுக்குள் முறுக்குத் தளர்ந்தது. கதவு திறந்து ஒரு சிறுவன் ஓடிப்போனான். நாம் உட்சென்று மீண்டபோது வவுனியா வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்! ஐந்தாண்டுகள் எம்மை அச்சுறுத்திய பேரிடர் ஒரு நிலையத் தூரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி. தண்டவாளமே பெயர்க்கப்பட்டுக் கிடந்த மண்ணில் வண்டி விரைந்தது. ஆனையிறவில் கடல்நீர்ப் பரப்பு இருமருங்கும் பளபளத்தது. பளையில் பனைகள் வரவேற்றன. அவற்றை இனிப் படத்திலேதான் காண்போம் என்றிருந்த எமக்குக் கண் கலங்கிற்று.

நல்லூரில் அக்கா வாசலில் நின்றார், சிரிக்கவில்லை. திருவிழாக் காலமாதலால் மரக்கறிச் சமையல். இடியப்பமும், வெங்காயம் மிதக்கும் சொதியும், உள்ளி போட்ட பருப்பும், தட்டு நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் எம்முன் இருந்தன. உண்டால் இரவெல்லாம் அவதி. உண்ணாவிடில் அக்காவின் மனம் முறியும். அப்போதுதான் உள்ளதை உள்ளவாறு சொன்னோம்.

அக்கா சற்று நேரம் எம்மையே பார்த்தார். பிறகு, “உதைச் சொல்லவோடா அஞ்சு வருஷம் சென்றது? நான் உனக்கு என்ன குறை செய்தனோ எண்டெல்லே இருந்தன்” என்றார். குரல் தழுதழுத்தது.

மறுபேச்சின்றி அடுப்படிக்குப் போனார். மச்சாள் பின்னே சென்று வகை சொன்னார் போலும். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கித் துண்டுகளை எடுத்துவிட்டால் வாசம் எண்ணெயில் நிற்கும். தொல்லைதரும் சர்க்கரை எண்ணெயிற் கரையாது. அவ்வெண்ணெயிற் கறிவேப்பிலை தாளித்த புதுச் சொதி வந்தது. மாம்பழத்தில் ஒரு சிறு கீற்று மட்டும் கிடைத்தது. மீதியை அக்காவே எடுத்து வைத்துக்கொண்டார்.

மாலையில் வேட்டி மடியிற் குளிகையைச் செருகிக்கொண்டு கோயிலுக்குச் சென்றோம். மலசலகூடம் எங்கே என்று முதலிற் கேட்டறிந்தோம். பின்னர் கூட்டத்துள் நின்று சுவாமி வீதிவலம் வரக் கண்டோம். அறிந்தபின் அதன் தேவை ஏற்படவேயில்லை.

எமது குடல் இன்றும் சினப்பதுண்டு. ஆனால் அதற்காக ஊரை இழக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒவ்வோர் அழைப்புக்கும் ஒவ்வொரு சாட்டுச் சொல்பவர் இருந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள். தனியே அழைத்து மெல்லக் கேளுங்கள். சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கவுங்கூடும்.