மருந்து விற்பனைத் தொழிலும் தமிழ் மாணவனும்

"தமிழ் பயின்று யாது செய்யப் போகின்றாய்?" என்னும் வினா எம்போன்றார் செவியில் நாள்தோறும் விழுவதொன்று. ஆசிரியத் தொழில், அரசுத் தேர்வு என்னும் இரண்டையே பலரும் விடையாகக் கூறுவர். மூன்றாவதாக ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன். அஃது மருந்துகளையும் ஆய்வுக்கூடக் கருவிகளையும் விற்கும் தொழிலாம்.

இத்தொழிற்கு நமது சேலம், நாமக்கல் சமவெளி ஏற்ற நிலமாகும். சேலத்தில் 1986-ஆம் ஆண்டு அரசினர் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த நாமக்கல்லில் 2022-ஆம் ஆண்டு அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. தனியார் மருத்துவமனைகளும் இரத்தப் பரிசோதனை நிலையங்களும் ஊர்தோறும் பெருகியுள்ளன. அன்றியும், கோழிப்பண்ணைகள் மலிந்த நாமக்கல்லில் மனிதர்க்கேயன்றிக் கோழிகட்கும் மருந்து வேண்டும். வெள்ளைக்கழிச்சல் எனப் பண்ணையார் வழங்கும் இராணிக்கெட் நோய்க்குரிய தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே பண்ணைவரை கொண்டு சேர்த்தல் வேண்டும். கோடை வெயிலில் குளிர் நீங்கின் அதன் ஆற்றலும் நீங்கும்.

மெடிக்கல் ரெப் என மக்கள் கூறும் மருந்துப் பிரதிநிதி வேலைக்கு அறிவியற் பட்டத்தையோ மருந்தியற் பட்டத்தையோ பல நிறுவனங்கள் விரும்பும்; எப்பட்டத்தாரையும் ஏற்றுப் பயிற்சியளிப்பனவும் உள. கருவி விற்பனைக்கோ உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் ஆகியன பயின்றோர்க்கே முதலிடம். ஆகவே தமிழ் மாணவனுக்கு வாயில் குறுகியதே, எனினும் அடைபட்டதன்று.

என் பெரியப்பா மகன் கருவி விற்பனையில் இருக்கின்றார். சென்ற விடுமுறையில் ஒருநாள் அவருடன் இராசிபுரம் சென்றேன். ஆங்கு ஒரு சிறு பரிசோதனை நிலையத்தின் உரிமையாளர் பெரிய தானியங்கிக் கருவியொன்றை விரும்பினார். கருவியை விலையின்றி வைத்துவிட்டு, அதற்குரிய ரீஏஜெண்டை ஆண்டுதோறும் இத்துணை வாங்கவேண்டுமென ஒப்பந்தஞ் செய்யும் முறை இத்தொழிலில் உண்டு.

"நாளொன்றுக்கு எத்தனை மாதிரி வரும், ஐயா?" என்று அண்ணன் வினவினார்.

"முப்பது வரும்."

"அவ்வளவுக்கு இது வேண்டாம். திறந்த ரீஏஜெண்டு செலவாகுமுன் கெட்டுவிடும். ஒப்பந்தமோ தங்களை விடாது. சிறிய கருவியே போதும்."

அச்சிறிய கருவி அண்ணனுடைய நிறுவனத்தில் இல்லை. அம்மாத இலக்கு நிறைவேறவில்லை, ஊக்கத்தொகையும் போயிற்று. மேலாளர்க்கு யாது மறுமொழி கூறுவது என்பதே வழிநெடுக அவர் கவலையாயிருந்தது.

இந்திய அரசின் மருந்துத் துறை 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட விற்பனை நெறிமுறை, மருத்துவர்க்குப் பரிசளித்தலை விலக்கிற்று. அம்மட்டோ? ஓராண்டுக்கு மேல் நாட்டில் வழங்கிவரும் மருந்தைப் 'புதியது' எனலாகாது; வரையறையின்றி எம்மருந்தையும் 'பாதுகாப்பானது' எனலாகாது எனச் சொற்களுக்கே அது வேலியிட்டது. சொல்லின் எல்லையறிந்து வழங்குதல் தமிழ் மாணவனது பயிற்சியன்றோ? வள்ளுவனார் வாய்மையை அறத்துப்பாலிலும் சொல்வன்மையைப் பொருட்பாலிலும் வைத்தார். சொல்வன்மை பொருளீட்டும், அதற்கு முன்னே வாய்மை நிற்றல் வேண்டும்.

நண்பர்காள்! இத்தொழிலை நாடுவோர் உடற்கூற்றின் அடிப்படைகளை இன்றே கற்கத் தொடங்குக. நேர்காணலில் ஊதியம் எவ்வளவு என்பதோடு இலக்கு எவ்வளவு என்பதையும் கேட்டறிக. மெய்யுரைத்தமையால் ஒரு திங்கள் வருவாய் குறையின் அதனைத் தாங்கும் உறுதி நமக்குண்டோ என்பதை அதற்கு முன்னரே நம்மை நாமே வினவுவோமாக. ஆலயத்தில் நம் சொல்லைக் கேட்கும் ஆண்டவர் அங்காடியிலும் கேட்கின்றார்.