ஊர் கேட்கும் காவலன்

கோட்டைக்கு வாயிற்காவலன் போலக் கணினிக்குத் தீச்சுவர். அதனோடு இணையும் துணைநிரல் ஒன்று, வருபவரின் ஊரைக் கேட்டே கதவை அடைக்கும். எங்கள் இல்லத்திலும் அதனை அமைத்தோம். சில மாதங்களில், லண்டனில் பயிலும் என் மகளால் வீட்டுக் கணினியிலுள்ள குடும்பப் படங்களைக் காண இயலவில்லை. இங்கிலாந்தை நாங்கள் தடுக்கவில்லையே!

தடுப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது உண்மை புலனாயிற்று. அவள் தங்கிய விடுதியின் இணைய எண், பட்டியலில் வேறொரு நாட்டின் பெயரில் இருந்தது. இதில் வியப்பில்லை. பழைய வகை எண்களின் உலகப் பொதுக்கையிருப்பு 2011 பிப்ரவரி 3-இல் தீர்ந்துபோனது. அதன்பின் அவை விலைக்குக் கைமாறி எல்லை கடக்கின்றன, பட்டியல்களோ பின்தங்குகின்றன. மேக்ஸ்மைண்டின் இலவசப் பட்டியலைப் பெறுவதற்கும் 2019 டிசம்பர் 30 முதல் உரிமத் திறவுச்சொல் தேவை. அது இல்லையெனில் பழைய பட்டியலே நிலைத்துவிடும்.

பட்டியலைப் புதுப்பித்தும் பயனில்லை. ஆகவே அவ்வெண்தொகுதிக்கு அனுமதி எழுதினேன். அதுவும் தடைவிதிக்கு மேலே. எங்கள் தீச்சுவர் விதிகளை மேலிருந்து கீழாகவே படிக்கும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. அன்றிரவே மகள் பாட்டியின் படத்தைக் கண்டாள்.

கள்வனோ வேற்றுநாட்டு எண்ணை வாடகைக்குப் பெற்று நுழைந்துவிடுவான். சொந்தப் பிள்ளை வாயிலில் நிற்பாள். ஊரைக் கேட்டு ஆளை அளப்பது இயந்திரத்திற்கும் முழு அறிவாகாது. மனிதர்க்கு எங்ஙனம் ஆகும்?