மலையிலிருந்து இறங்கியதாலா?

மாஞ்சோலை என்றதும் நம் கல்லூரி நண்பர்களுக்கு மணிமுத்தாறு அருவியும் மூடுபனியும் நினைவுக்கு வரும். எனக்கு அப்பாவின் கால்கள்தாம். கவாத்துக் கத்தியோடு நாள் முழுதும் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிய கால்கள். 2024 ஜூனில் தோட்ட வேலை நின்றது. அம்பாசமுத்திரத்துக்கு வந்தோம். அப்பா ஒரு கடைக்கு இரவுக் காவலாளியாகி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறு ஆண்டு மலத்தோடு இரத்தம் போயிற்று. "மூலச்சூடுதான், கருணைக்கிழங்கு தின்னா சரியாப் போவும்" என்றாள் ஆச்சி. ஐந்து மாதம் கிழங்கு தின்றார். பிறகுதான் திருநெல்வேலிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் 12 மில்லிமீட்டர் சதை வளர்ச்சி. புற்று அல்ல, விட்டிருந்தால் ஆகியிருக்கக் கூடியது. கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே அறுத்தெடுத்தார்கள். இரத்தச் சோதனையில் டிரைகிளிசரைடு 260. அது 150-க்குள் இருக்க வேண்டுமாம். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 34, ஆண்களுக்கு 40-ஆவது வேண்டும்.

உட்கார்ந்ததால் கொழுப்பு ஏறிற்று, கொழுப்பால் கட்டி வந்தது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது எனக்கு! மருத்துவரோ, இது ஓராண்டில் வந்ததல்ல, இந்த அளவுக்கு வளரவே பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றார். அப்படியானால் அது மாஞ்சோலையிலேயே முளைத்தது.

தொடர்பே இல்லையா என்றால், உண்டு. டிரைகிளிசரைடு மிகுந்தவர்களிடம் இவ்வளர்ச்சி சற்று அதிகம் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறதா, அல்லது தொந்தியும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும் இரண்டையும் வளர்க்கின்றனவா என்பதில்தான் சிக்கல். 1974-இல் ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கில மருத்துவரும் பிறரும் 'லான்செட்' இதழில் ஒரு வியப்பை வெளியிட்டனர். பின்னாளில் குடற்புற்று கண்டவர்களின் பழைய இரத்தக் கணக்கைப் பார்த்தால், கொலஸ்ட்ரால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததாம்! மறைந்திருக்கும் புற்றே அதைக் குறைத்திருக்கலாம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். ஆகவே கொழுப்புச் சீட்டு ஒழுங்காக இருக்கிறதென்று இரத்தப்போக்கைக் கிழங்கிடம் ஒப்படைக்க முடியாது. கொழுப்பைக் குறைப்பது இதயத்துக்கு நல்லது. குடலைப் பார்ப்பது வேறு வேலை.

மூன்றாண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா விரல்விட்டு எண்ணினார்.

"2028. அந்த 99 வருசக் குத்தகை முடியுத வருசம்லா அது" என்றார்.