வாடகை வீடும் அம்மாவின் தாளிப்பும்

மெல்பர்ன் போய் வந்ததிலிருந்து நேயர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "எங்கே தங்குனீங்க? செலவு எவ்வளவு ஆச்சு?" செலவைச் சொல்லிவிடலாம். தங்கிய கதைதான் கொஞ்சம் நீளம்.

கடந்த செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நான், கணவர், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் கிளம்பினோம். ஐந்து பேருக்கு ஹோட்டலில் இரண்டு அறை வேண்டும். அந்தக் காசில் ஏறக்குறைய பாதிக்கே நகர மையத்தில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு கிடைத்தது. பதினெட்டாவது மாடி. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, நான்கு அடுப்பு உள்ள சமையலறை. "சமையலறை இருக்குதா? அப்ப சாப்பாட்டுக்குக் கவலையில்ல" என்றார் அம்மா. அந்த ஒரு வார்த்தையில் என் பட்ஜெட் முடிந்துவிட்டது.

பதிவு செய்யும்போது நான் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவுக்கான விலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். துப்புரவுக் கட்டணம் தனியாகச் சேரும். விக்டோரியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் இப்படிப்பட்ட குறுகியகால வாடகைக்கு 7.5 விழுக்காடு வரியும் உண்டு. கடைசியில் வரும் மொத்தத் தொகையைத்தான் ஹோட்டலோடு ஒப்பிட வேண்டும்.

விமான நிலையத்தில் அம்மாவின் பெட்டிதான் எங்களை நிறுத்தியது. பயணிகள் அட்டையில் உணவுப் பொருள் இருப்பதாக நாங்களே குறித்திருந்தோம். கடையில் வாங்கிய மசாலாத்தூள் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டார்கள். அபராதம் இல்லை. மறைத்திருந்தால்தான் வம்பு. "கறிவேப்பிலை இல்லாம என்ன ரசம்?" என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தார்.

நகர மையத்தில் தங்கியதன் அருமை மறுநாளே தெரிந்தது. அந்த வட்டாரத்துக்குள் டிராம் இலவசம். 2015 முதல் அப்படித்தான். எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கினால் மைக்கி அட்டையைத் தட்டவே வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் 1878-இல் திறந்த குவீன் விக்டோரியா சந்தை. திங்களும் புதனும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காய்கறி, மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் ஒரே இடத்தில். கடை கட்டும் நேரம் நெருங்கினால் பழத்தைக் கூவிக் கூவி விலை குறைப்பார்கள். நம் பசார் மாலாம் நினைவு வந்தது.

நாங்கள் தினமும் ஊர் சுற்றினோம். காலையில் எழும்போது மேசையில் தோசை இருக்கும். மதியத்துக்குப் பொட்டலம் கட்டியிருக்கும். இரவு திரும்பினால் சுடச்சுட சோறு. வானொலி வேலைக்காக விடிவதற்கு முன்பே எழுந்து பழகிய நான், அந்த விடுமுறையில் எட்டு மணி வரை தூங்கினேன். அம்மா ஆறு மணிக்கே எழுந்துவிடுவார். நம் ஊர் நேரப்படி அது விடியற்காலை நான்கு மணி. "நீங்களும் வாங்கம்மா" என்று கூப்பிடாமல் இல்லை. "கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நானும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை, தக்காளி சாதத்துக்குத் தாளித்தார். எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய். அடுப்புக்கு மேலிருந்த புகை உறிஞ்சியை யாரும் போடவில்லை. அலாரம் அலறியது. புகை போகட்டும் என்று கணவர் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். அதுதான் தவறு. வீட்டுக்குள் இருந்தவரை அது எங்கள் வீட்டு அலாரம் மட்டும்தான். புகை நடைபாதைக்குப் போனதும் கட்டடம் முழுவதும் அலாரம் அடித்தது. எல்லாரும் வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. லிஃப்ட்டில் போகக்கூடாது.

பதினெட்டு மாடியையும் அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். பாதி வழியில் நான் சீறினேன். "மிளகாயை இப்படியாம்மா கருக விடுவீங்க?" அவர் பதில் பேசவில்லை.

கீழே குளிர்காற்று. தூக்கக் கலக்கத்தோடு அக்கம்பக்கத்து மக்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. கைலிக்கு மேல் என் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற அம்மா, எதிரே மணியடித்துப் போன டிராமைப் பார்த்தபடி சொன்னார்: "நாலு நாளாச்சு. நான் இன்னும் ஒரு தடவைகூட அதுல ஏறல."

குறை சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் அதிகம் சுட்டது.

தீயணைப்பு வண்டி வந்ததற்கான கட்டணம் எங்கள் தலையில் விழுந்தது. வெளியே சாப்பிடாமல் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போனது. அது போகட்டும். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் யோசித்தேன். வாடகை, டிராம், சந்தை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருந்தேன். அம்மாவின் நான்கு நாளை எதிலும் எழுதவில்லை. வீட்டில் பார்க்கும் அதே வேலையைப் பார்க்க அவரை எட்டு மணி நேரம் விமானத்தில் ஏற்றி அழைத்து வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து காலைக்கு ரொட்டி, முட்டை, பழம். பொறுப்பு பிள்ளைகளுடையது. பாத்திரம் கணவருக்கு. மதியம் வெளியே. சீனாடவுன் பக்கம் போனால் நம் மலேசியச் சாப்பாடும் கிடைக்கிறது. இரவு மட்டும் எளிய சமையல், அதுவும் என் கையால்.

அம்மாவை 35-ஆம் எண் சிட்டி சர்க்கிள் டிராமில் ஏற்றினேன். சன்னலோரம் உட்கார்ந்து இரண்டு சுற்று வந்தார். பிறகு விக்டோரியா மாநில நூலகம். நுழைவு இலவசம். 1913-இல் திறந்த அதன் எண்கோண வாசிப்புக் கூடத்தில், உயரமான குவிமாடத்தின் கீழே மர மேசைகள் வரிசையாக விரிந்திருக்கின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய அம்மா, ஒரு மேசை முன்னால் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சலிப்பா இருக்காம்மா?" என்று காதோரம் கேட்டேன்.

"இங்க சத்தம் போடக்கூடாதாமே. நல்லதாப் போச்சு. மத்தியானத்துக்கு என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

நீங்களும் குடும்பத்தோடு இப்படி வீடு எடுத்தால், தாளிக்கும் முன் புகை உறிஞ்சியைப் போடுங்கள். சன்னலையோ பால்கனிக் கதவையோ திறங்கள், வாசல் கதவை மட்டும் திறக்காதீர்கள். யார் என்றைக்குச் சமைப்பது என்பதை விமானம் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். படங்களை அம்மாவிடம் காட்டினேன். சமையலறைப் படத்தை விரலால் தள்ளிவிட்டு, "டிராம் ஓடுற ஊராப் பாரு" என்றார்.