டிடெக்டருக்குள் ஒரு ரேடியோ பேட்டரி

தஞ்சாவூர் வட்டாரத்துப் பெரிய கோயில்களில் திருவிழாக் கூட்டம் கூடும் நாட்களில், வாசலில் கையடக்க மெட்டல் டிடெக்டரோடு காவலர்கள் நிற்பார்கள். பை, இடுப்பு, சட்டைப்பை என்று அந்தக் கறுப்பு மட்டை ஒவ்வொருவரையும் தடவிப்போகும். அதன் கைப்பிடிக்குள் பெரும்பாலும் இருப்பது செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரி. கருவியில் முதலில் சோர்ந்துபோவதும் அதுதான். விலையும் குறைவாக, உழைப்பும் நீடித்ததாக ஒரு பேட்டரி உண்டா என்று விசாரிக்கப் போய், இந்தச் சின்னப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

பெட்டியின் தகரச் சட்டையைக் கழற்றினால் விடையில் பாதி தெரிந்துவிடும். அல்கலைன் வகையாக இருந்தால், சுண்டுவிரலைவிட மெலிந்த ஆறு பேட்டரிக் கட்டைகள் இரண்டு வரிசையாக நெருக்கி நிற்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். மலிவான கார்பன்-துத்தநாக வகையில் கட்டைகளுக்குப் பதில் தட்டையான வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எதுவானாலும் ஒவ்வொரு அறையிலும் இருக்கும் சரக்கு கொஞ்சம்தான். நல்ல அல்கலைன் பெட்டி ஒன்று தருவது சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு சாதாரண பென்சில் கட்டை (ஏ.ஏ.) 2,000-க்கு மேல் தரும். வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால், முழுப் பெட்டியின் ஆற்றல் ஒன்றரைப் பென்சில் கட்டைக்குச் சமம். விலையோ பல கட்டைகளின் விலை.

இப்படி ஒன்றை ஏன் செய்தார்கள்?

1866-இல் பிரான்சின் லெக்லாஞ்சே உருவாக்கிய மின்கலம் திரவம் நிறைந்த கண்ணாடி ஜாடி. 1886-இல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். சாய்த்தாலும் சிந்தாத உலர் கட்டை பிறந்தது. டிடெக்டரின் மூதாதையும் அதே காலத்தது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் தங்கிய குண்டைத் தேட, அலெக்சாண்டர் கிரகாம் பெல் கம்பிச் சுருள்களையும் பேட்டரியையும் தொலைபேசி ரிசீவரையும் இணைத்து ஒரு கருவி செய்தார். குண்டு அகப்படவில்லை, மெத்தையின் இரும்புச் சுருள்களும் குழப்பம் செய்தன என்பார்கள்.

9 வோல்ட் பெட்டி இவற்றுக்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. 1954-இல் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டி.ஆர்-1 என்ற முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு 22.5 வோல்ட் பேட்டரி தேவைப்பட்டது. அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில், சட்டைப்பை ரேடியோக்களுக்கென்றே 9 வோல்ட் பெட்டி நிலைபெற்றது. சொற்ப மின்சாரத்தில் பாடும் ரேடியோவுக்கு அது பொருத்தமான துணை. டிடெக்டர் செய்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டதற்கு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்பதே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

காவிரி டெல்டாவுக்கும் ரேடியோவுக்கும் நெருக்கமான உறவு உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி-27 ரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே ‘ரேடியோ நெல்’. வீட்டுத் திண்ணையில் இருந்த பெரிய டிரான்சிஸ்டர்களில் பலவும் டார்ச் லைட்டுக்குப் போடும் தடித்த கட்டைகளில்தான் ஓடின. சக்தி குறைந்த கட்டையை வெயிலில் காயவைத்து, இன்னும் இரண்டு நாள் செய்தி கேட்டவர்களும் இருந்தார்கள். பேட்டரியை விலையால் அளக்காமல், எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்பதால் அளக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிலத்தில் தேடுவதற்கு டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்டா மண் சாதாரண மண் அல்ல. நாகப்பட்டினத்தில் 1856 முதல் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. இவற்றைக் காட்டியது டிடெக்டர் அல்ல, தோண்டும் வேலை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நடவில் நழுவிய மோதிரத்தைத் தேடுங்கள்; பழைய மேடுகளைக் கிளற வேண்டாம்.

இனி பேட்டரிக்கு வருவோம். கார்பன்-துத்தநாகக் கட்டையை டிடெக்டருக்குப் போடாதீர்கள். அதில் துத்தநாகக் குவளையே எதிர்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அது அரிக்கப்பட்டு, பசை கசிந்து, ஸ்பிரிங்கில் உப்புப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். எப்போதாவது எடுக்கும் கருவிக்கு அல்கலைன் போதும், ஆனால் வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். தினமும் ஓடும் கருவிக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடுதான் சரி. அதிலும் சும்மா வைத்தாலும் சார்ஜ் எளிதில் வடியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். 2005-இல் சான்யோ அதைக் கொண்டுவந்தது, இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. முதலில் போடும் பணம் அதிகம், ஆனால் நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். ஒரு கட்டைக்கு 1.2 வோல்ட்தான் என்பதால், கருவி அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், கடைக்காரரிடம் ஆழமும் விலையும் கேட்பதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பென்சில் கட்டை போடும் கருவியாக இருந்தால் எடுங்கள்; 9 வோல்ட் பெட்டி மட்டும்தான் என்றால் வேறு கருவி பாருங்கள்.